கப்பலில் வந்தவன் ஆடுவான்

செல்லையா இறந்துபோன செய்தி வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தபன் தொலைபேசியில் அழைத்தான். நமது தென்முனை கிளப்பின் பழைய கோல்கீப்பர் தபன். இப்போது மின்துறையில் லைன்மேன். வங்காளி வீட்டுப் பையன் என்றாலும் தமிழ் நன்றாகப் பேசுவான். பெரிய விஷயம் என்றால் மட்டும் இந்தத் தீவுகளின் இந்திக்குப் போய்விடுவான்.

"மாஸ்டர்ஜி, செல்லையா தா நஹீ ரஹே," என்றான். வங்காளியில் 'தா' என்றால் அண்ணன். சற்றுப் பொறுத்துத் தமிழில், "காலையில போய்ட்டார். ரெண்டு மணிக்கு எடுக்குறாங்க. வருவீங்கல்ல?" என்றான்.

அந்தக் கடைசிக் கேள்வியில் ஒரு சந்தேகம் இருந்தது. நியாயமான சந்தேகம். அவர் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. கராச்சர்மாவில் என் வீட்டிலிருந்து லம்பா லைனில் அவர் மகள் வீட்டுக்குப் பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இனி அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்ற நிம்மதி. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்த இரங்கல் கூட்டத்தில் உங்களில் பலர் பேசினீர்கள். ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே சொன்னீர்கள்: தங்கமான மனிதர், ஆனால் கிளப்பைக் கெடுத்துவிட்டார். முதல் டிவிஷனில் இருபது வருடம் நின்ற அணி அவர் கையிலேயே கீழே இறங்கியது. பாசம் கண்ணை மறைத்துவிட்டது. தன் ஊர் ஹட் பே ஆட்களைத் தவிர வேறு யாரும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த வாக்கியங்கள் எல்லாம் எனக்குப் பழக்கமானவை. இவற்றை எழுதி உங்களுக்கு முதலில் வாசித்துக் காட்டியவன் நான். என் முறை வந்தபோது இரண்டு நிமிடம் எதையோ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்ததும் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொண்டது. என் தமிழ் நன்றாக இருக்குமாம். கிளப்புக்குப் பன்னிரண்டு வருடம் செயலாளராக உழைத்தவனை ஒருமுறைகூடத் தலைவராக்க நினைக்காத செயற்குழு என் தமிழை மட்டும் மறப்பதே இல்லை.

சரி, எழுதுகிறேன். நமது கிளப் ஏன் சரிந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். முன்பு பொதுக்குழுவில் நான் வாசித்த மூன்று பக்கங்களில் ஒரு காரணத்தை விட்டுவிட்டேன்.

செல்லையாவை நான் முதலில் பார்த்தது கப்பல் துறையில். மெயின்லேண்டிலிருந்து ஆசிரியர் வேலைக்கு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல்லூரியில் கால்பந்து ஆடியவன் என்று கேள்விப்பட்டு யாரோ என்னைக் கிளப்புக்கு அழைத்துப்போனார்கள். அன்று தெற்கே இன்னொரு தீவிலிருக்கும் ஹட் பேயிலிருந்து கப்பல் வந்து நின்றது. படியிறங்கிய நான்கைந்து பேரை ஒருவர் வரிசையாக நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, புல் இருந்த ஓரமாக நடக்கவிட்டுக்கொண்டிருந்தார். குட்டையான ஆள், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர்தான் அணியைத் தேர்ந்தெடுக்கும் மேனேஜர் செல்லையா. "அண்ணே, தூக்கம் வருதுண்ணே," என்று ஒருவன் முனகினான். "நடடா. கடல் கால்லேருந்து எறங்கட்டும்," என்றார் அவர்.

அதுதான் அவருடைய முறை. எட்டு மணி நேரம் கப்பலில் ஆடிக்கொண்டு வந்தவனுக்குத் தரையில் இறங்கிய பிறகும் தரை ஆடும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். பந்து வரும் இடத்துக்கு அரை அடி தள்ளிக் கால் விழும். ஆகவே கப்பலில் வந்தவன் ஒரு பகலும் ஓர் இரவும் கிளப் அறையில் கிடந்து தூங்கி எழுந்த பிறகுதான் ஆடலாம். "கப்பல்ல வந்தவன் அன்னைக்கே ஆடக்கூடாது" என்பார். ஆட்டத்துக்கு முந்தின வாரம் புதன்கிழமை காலை ஹட் பே கடைத்தெருவில் இருந்த தொலைபேசி பூத்துக்கு அழைத்து, யார் யார் வர வேண்டும் என்று பெயர் சொல்லுவார். பெயர் சொன்னவர்கள் மட்டும் கப்பல் புறப்படும் நாள் பார்த்து ஏறுவார்கள்.

அவர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தில் வந்தவர். அங்கே தேயிலை, இங்கே ஹட் பேயில் பாம் ஆயில் தோட்டம். குலை வெட்டிய தோள்கள். அவர் கூப்பிட்டு வந்த ஆட்களும் குலை வெட்டுகிறவர்கள்தான். நகரத்து ஆட்கள் பாதி, அவர்கள் பாதி. நாம் ஒருபோதும் முதலாவதாக வந்ததில்லை. ஒருபோதும் கீழே இறங்கியதும் இல்லை. இது எனக்கு அவமானமாக இருந்தது. ஒருமுறை கேட்டேன்.

"என்னண்ணே, எப்பவுமே நடுவுலேயே நிக்கிறோம்?"

"நடுவுல நிக்கிறதுதான் மாஸ்டர் கஷ்டம். மேல நிக்கிறவன இன்னொருத்தன் தள்ளுவான். கீழ நிக்கிறவன் தானா உழுந்துருவான். நடுவுல நிக்கிறவன் ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே நிக்கணும்."

அப்போது அதைச் சோம்பேறித்தனத்துக்கு அவர் சொல்லும் சமாதானம் என்று நினைத்தேன். நாட்குறிப்பில் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறேன்.

யோகநாதனை இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. வலது பின்வரிசையில் ஆடியவன், ஹட் பேக்காரன். தாயும் மகனுமாக இருந்தார்கள். வேகம் அதிகமில்லை, வாய் அதிகம். கிளப் அறையில் ஒவ்வொருவரையும் போலவே பேசிக் காட்டுவான். என் முறையும் வந்தது. எழுந்து நின்று, இல்லாத கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, "நாளை காலைப் பயிற்சி ஐந்து மணிக்குத் துவங்கும் என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். தாமதமாக வருவோர் தங்கள் தாமதத்திற்கான காரணத்தை எழுத்துமூலம் சமர்ப்பிக்கவும்," என்றான். அறையே சிரித்தது. தபன் தரையில் உருண்டான். செல்லையாவும் சிரித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நானும் சிரித்தேன். அன்றைய சிரிப்பை நான் மறக்கவில்லை. நான் மறக்கிற ஆள் இல்லை.

அந்த டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை நமக்கு ஆட்டம் இருந்தது. கடல் மோசமாக இருந்ததால் புதன்கிழமை வர வேண்டிய ஹட் பே கப்பல் வியாழன் காலையில்தான் வந்தது. ஆள் குறைவு. செல்லையா மனமில்லாமல் தன் வழக்கத்தை மீறி யோகநாதனை அன்றைக்கே இறக்கினார். அவன் தள்ளாடினான். அவன் பக்கமாகவே இரண்டு கோல் விழுந்தது. அடுத்த ஆட்டம் வரும் செவ்வாய்க்கிழமை. அதுவரை அவன் இங்கேயே தங்குவதாகப் பேச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வரிசையில் நின்று, அன்று புறப்படும் ஹட் பே கப்பலில் யோகநாதன் பெயருக்கு ஒரு படுக்கை டிக்கெட் எடுத்தேன். யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு கிளப் அறைக்குப் போய்ச் செல்லையாவை வெளியே அழைத்தேன்.

"இவன் முடிந்துபோனவன் அண்ணே. செவ்வாய்க்கிழமைக்கு நகரத்து ஆள் ஒருவன் இருக்கிறான், அவனை இறக்குவோம். இவனை எதற்குச் சும்மா இங்கே வைத்திருக்க வேண்டும்? டிக்கெட் எடுத்துவிட்டேன்."

"அவனுக்கு இன்னும் கடல் எறங்கலங்க மாஸ்டர். நேத்து நான் எறக்குனது என் தப்பு. ரெண்டு நாளு தூங்குனான்னா ஆடிருவான்."

"டிக்கெட் எடுத்தாகிவிட்டது அண்ணே. இந்தக் கூட்டத்தில் எப்படி டிக்கெட் கிடைத்தது என்று உங்களுக்குத் தெரியாது. செயலாளர் சொல்வதற்கும் ஒரு மதிப்பு வேண்டாமா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். படித்தவர்களிடம் அவருக்கு ஒரு கூச்சம் உண்டு. எனக்கு அது தெரியும், அதை நான் பயன்படுத்துவேன் என்பதும் தெரியும். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"யோகு, நீ இன்னைக்கு கப்பல்ல ஊருக்குப் போடா. அம்மாவப் பாத்துட்டு இரு. அடுத்த வாரம் கூப்புடுறேன்."

"ஏண்ணே, ரெண்டு கோலுக்கு ஹட் பேயா? அஞ்சு கோல் விட்டிருந்தா மெட்ராஸுக்கே அனுப்பியிருப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவன் பையை எடுத்தான். வாசலில் என்னைக் கடக்கும்போது, "போய் வருகிறேன் என்பதை அன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்," என்றான்.

வெள்ளிக்கிழமை போன கப்பல் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. ஹட் பேயின் கடைத்தெருவும் கரையோர வீடுகளும் என்ன ஆயின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யோகநாதன் அன்று காலை மீன் வாங்கக் கடைத்தெருவுக்கு இறங்கியிருக்கிறான். அவன் அம்மா மேட்டுக் குவார்ட்டர்ஸில் இருந்ததால் பிழைத்தார். அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை.

செல்லையா முதல் நிவாரணக் கப்பலில் போனார். ஆறு வாரம் அங்கேயே முகாமில் இருந்துவிட்டுத் திரும்பினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. இருவரும் டிக்கெட்டைப் பற்றிப் பேசாமலே வேலைக்குத் திரும்பினோம்.

ஒரு சீசன் விட்டு அடுத்ததில் லீக் மறுபடி ஆரம்பித்தது. முதல் ஆட்டத்தன்று காலையில் ஹட் பே கப்பல் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். செல்லையா அவர்களைப் புல்லில் நடக்கவிடவில்லை. தூங்கச் சொல்லவில்லை. நால்வர் பெயரையும் அன்றைய பட்டியலில் எழுதினார். நகரத்து ஆள் நால்வர் வெளியே உட்கார்ந்தார்கள்.

"கப்பல்ல வந்தவன் ஆடணும்," என்றார். முன்பு சொல்லிக்கொண்டிருந்ததற்கு நேர் எதிர். ஏன் என்று தபன் கேட்டான். "அவ்வளவு தூரம் வந்துருக்கான்ல," என்றார். வேறு விளக்கம் இல்லை.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கப்பலில் வந்து நிற்கிற ஒருவனைப் பார்த்து "இன்னைக்கு நீ வேண்டாம், போ" என்று சொல்ல இனி அவரால் முடியாது. அந்த முதல் நாளே எனக்கு அது புரிந்துவிட்டது. உலகத்தில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்து நீங்கள் சிரித்தும் இருக்கிறீர்கள். பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர், கிளப்பில் தலை காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு இரண்டாம் பாதி முழுவதும் இடது ஓரத்தில் ஆடினார். ஹட் பேயில் ஒரு கோல்கீப்பர் இருந்தார், நாற்பதைத் தாண்டியவர். அவர் வரும்போதெல்லாம் தபன் வெளியே. தபன் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டான்:

"செல்லையா தா, ஏக் பாத் பதாவோ, ஒரு விஷயம் சொல்லுங்க. நானும் டிக்கெட் எடுத்து ஹட் பே போய்ட்டு அதே கப்பல்ல திரும்பி வரேன். அப்ப ஆடலாமா?"

"வாந்தி எடுக்காம வந்தீன்னா ஆடலாம்," என்றார் செல்லையா.

தபன் விளையாட்டுக்குக் கேட்டான். ஆனால் நகரத்து ஆட்களில் ஒருவன், பெயர் வேண்டாம், அதை நிஜமாகவே செய்தான். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஹட் பே போய், ஓர் இரவு தங்கி, ஆட்டத்தன்று காலைக் கப்பலில் வந்து படியிறங்கினான். முகம் வெளுத்துப்போயிருந்தது. கப்பல் துறையில் நின்ற செல்லையா அவனை மேலும் கீழும் பார்த்தார். பட்டியலில் பெயரை எழுதினார். அவன் ஆட்டத்தின் பத்தாவது நிமிடத்தில் நம் கோலிலேயே ஒன்றை அடித்தான்.

அவருக்கு அது பித்தலாட்டம் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் எழுதினார்.

ஒரு சாதாரண அணி இப்படித்தான் சரிகிறது. ஒரே நாளில் விழுவதில்லை. வெளியே உட்கார்ந்த நகரத்து ஆட்கள் ஒவ்வொருவராக வேறு கிளப்புக்குப் போனார்கள். காலைப் பயிற்சிக்கு வந்தாலும் வராவிட்டாலும் இடம் கப்பலுக்குத்தான் என்று தெரிந்த பிறகு யாரும் ஐந்து மணிக்கு எழுந்திருக்கவில்லை. தூக்கமில்லாமல் வந்தவர்கள் முதல் பாதியில் எப்படியோ நின்றார்கள், இரண்டாம் பாதியில் உட்கார்ந்தார்கள். நான்காவது, ஐந்தாவது என்று நின்றவர்கள் எட்டாவது ஆனோம். பிறகு கடைசிக்கு முந்தையது. எட்டு சீசன் இப்படி நடந்தது. எட்டாவது சீசன் முடிவில் முதல் டிவிஷனிலிருந்து இறங்கினோம்.

இந்த எட்டு சீசனில் எந்த ஒரு நாளும் நான் அவரிடம் போய், "அண்ணே, அவனை அனுப்பியது நீங்கள் இல்லை, நான். அந்தப் பாரத்தை நீங்கள் ஏன் தூக்குகிறீர்கள்?" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் மாறியிருப்பாரா என்று தெரியாது. நான் சொல்லவில்லை. அவர் அணியைத் தவறாக நடத்துகிறார் என்று எனக்குள் கோபம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்தக் கோபம் எனக்கு வசதியாக இருந்தது என்பதை இப்போது எழுதும்போது பார்க்கிறேன். கோபமாக இருக்கிறவன் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

இறங்கிய அந்த வருடப் பொதுக்குழுவில் நான் "வீழ்ச்சியின் காரணங்கள்" என்று மூன்று பக்கம் எழுதி வாசித்தேன். ஊர்ப்பற்று, உறவுப்பற்று, திறமைக்கு மரியாதையின்மை, பயிற்சிமுறையின் சிதைவு என்று வரிசைப்படுத்தியிருந்தேன். பழைய முறையைக் கைவிட்டது ஏன் என்று மேனேஜர் இன்றுவரை இந்த அவைக்கு விளக்கவில்லை என்றும் எழுதியிருந்தேன். அந்த வரியை எழுதிய கை இதே கைதான். நான் வாசித்து முடித்தபோது நீங்கள் கைதட்டினீர்கள்.

செல்லையா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பதில் சொல்ல விருப்பமா என்று தலைவர் கேட்டார். அவர் எழுந்தார். ஒரே வாக்கியம் போதும் அவருக்கு. டிக்கெட் என்று ஒரு சொல் போதும்.

"மாஸ்டர் சொன்னது எல்லாம் சரிதான். ஆட்டம் தெரிஞ்சவரு," என்றார். உட்கார்ந்தார்.

"அப்புறம் ஏண்ணே அப்படிச் செஞ்சீங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எனக்கு அப்படித்தான் தோணுச்சு."

கைதூக்கி அவரை நீக்கினோம். முதலில் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அடுத்த வருடம் அணித் தேர்வு என் பொறுப்பில் வந்தது. திறமை ஒன்றே அளவுகோல் என்று அறிவித்தேன். ஹட் பேயிலிருந்து யாரும் வரவில்லை. எடைபோட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்படுவதற்காக எட்டு மணி நேரம் யார் வாந்தி எடுத்துக்கொண்டு வருவார்கள்? நகரத்தில் மிஞ்சியிருந்தவர்களை வைத்துக்கொண்டு இரண்டாம் டிவிஷனிலேயே கிடந்தோம். இன்றும் அங்கேதான் இருக்கிறோம். இதற்குக் காரணங்கள் என்று யாரும் மூன்று பக்கம் எழுதவில்லை.

நீக்கப்பட்டு ஒரு வருடம் கழித்து அவரைக் கராச்சர்மா பேருந்தில் பார்த்தேன். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டார்.

"மாஸ்டர், அன்னைக்கு நீங்க வாசிச்சது நல்லா இருந்துச்சுங்க. எங்க தோட்டத்துக் கிளாக்கர் ஐயாகூட அப்புடி எழுத மாட்டாரு."

கேலி இல்லை. அவருக்குக் கேலி செய்யத் தெரியாது. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏன் அண்ணே நீங்கள் சொல்லவில்லை?"

"என்னாத்த?"

"டிக்கெட்டை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "டிக்கெட்டு கப்பலுக்கு எடுக்குறதுங்க. கடல் வரும்னு தெரிஞ்சா எடுத்தீங்க?" என்றார். பிறகு, "பேரு எழுதுறவன் நானு. போடான்னு சொன்னது என் வாயி. நீங்க செகரட்டரிதானே, மாஸ்டர்," என்றார்.

என் நிறுத்தம் வருமுன்னே இறங்கிவிட்டேன். என்னை விடுவித்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றவில்லை. "செகரட்டரிதானே" என்ற சொல்தான் தைத்தது. என் குற்றத்தில்கூட எனக்கு இரண்டாம் இடம்தானா என்று தைத்தது. வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன்: அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் படுத்திருந்த ஆறு மாதமும் நான் போகவில்லை. நேரமில்லை என்று தபனிடம் சொன்னது பொய்.

இரங்கல் கூட்டம் முடிந்து பத்து நாள் கழித்து நான் ஹட் பே போனேன். இத்தனை வருடத்தில் அதுவே முதல் முறை. யோகநாதனின் அம்மா ராசம்மா, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் ஒன்றில் தனியாக இருக்கிறார். தூண்கள் மேல் நிற்கும் வீடு, ஏறிப்போக ஏழெட்டுப் படிகள். கிளப்பிலிருந்து வருகிறேன் என்றதும், "செல்லையாண்ணே போய்ட்டாராமே," என்று அவரே ஆரம்பித்தார்.

"வருசா வருசம் வருவாரு ஐயா. வந்தா இந்தா இந்தப் படியிலதான் உக்காந்துக்குவாரு. உள்ள வாங்கண்ணே, ஒரு வாய் சோறு திங்கன்னா வர மாட்டாரு. நான்தாம்மா ஒம் மவன ஊருக்குப் போகச் சொன்னேன்னு சொல்லுவாரு. மொத வருசம் சொன்னாரு, மறு வருசமும் அதையே சொன்னாரு. நா என்னா சொல்லுவேன்? அட விடுங்கண்ணே, நீங்க அனுப்புனதுனால எம் புள்ள கடேசியா ரெண்டு நாளு எங்கூட இருந்தான். நண்டு ஆக்கிப் போட்டேன், தின்னான். அதுவும் இல்லாமப் போயிருந்தா நா என்னா செய்வேன், அந்த ரெண்டு நாளு நீங்க குடுத்ததுதானேன்னு சொன்னேன். தலைய ஆட்டுவாரு. ஆனா ஏத்துக்கல."

நான் நின்றுகொண்டே சொன்னேன். டிக்கெட் எடுத்தது நான், அவர் அனுப்ப வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் வற்புறுத்தினேன், உங்கள் மகன் என்னைக் கேலி செய்த கோபம் எனக்கு இருந்தது. ஒன்றையும் விடாமல் சொன்னேன். எழுதி வாசிக்கும் தமிழ் அங்கே வரவில்லை. திக்கித் திக்கித்தான் சொன்னேன்.

"அப்ப அந்த மனுசன் அனுப்பலையா?"

"இல்லை அம்மா."

"பத்து வருசம்," என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவர் அழுதது மகனுக்காக இல்லை. "பத்து வருசமா இந்தப் படியில வந்து உக்காந்து நான்தான் நான்தான்னு சொன்னாரே ஐயா. நானும் ஆமான்னு கேட்டுக்கிட்டேனே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவருக்குச் சொன்னதத்தான் ஒங்களுக்கும் சொல்லணும். ரெண்டு நாளு குடுத்தீங்கன்னு. எனக்கு வாய் வரல. அவரு உசுரோட இருக்கயில வந்து சொல்லியிருக்கலாம்ல நீங்க?"

நண்பர்களே, கிளப் சரிந்ததன் காரணத்தை இப்போது முழுதாகச் சொல்லிவிட்டேன். மூன்று பக்கத்தில் நான் எழுதிய தவறுகளை எல்லாம் செல்லையா செய்தார். அணியைத் தோற்கவிட்டார், நல்ல ஆட்டக்காரர்களை இழந்தார், நம்மைக் கீழே இறக்கினார். அவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. அவற்றை ஏன் செய்தார் என்று கேட்கிறவர்கள் இனி அவர் படத்தின் முன் கேட்க வேண்டாம். என் வீடு கராச்சர்மாவில்தான் இருக்கிறது.

அன்று ராசம்மா வாசற்கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். என்னை உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருக்கவும் கூடாது. திரும்பும் கப்பலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. செல்லையா வழக்கமாக உட்கார்ந்த படி எது என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியமில்லை. எல்லாவற்றிலும் கீழே இருந்த படியில் உட்கார்ந்தேன். செல்லையாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த இடம்தான். அடுத்த வருடமும் போவேன்.